பிளக் கரிபிடித்தல்: பழைய மோட்டார் சைக்கிள்களில்

மோட்டார் சைக்கிள் என்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் திருகப்பட்டு, அமுக்கப்பட்ட பெட்ரோல் ஆவிக்கு மின்பொறியால் தீமூட்டும் சிறு கருவியின் முனையிலே கரியோ எண்ணெயோ படிந்து, பொறி எழாமலோ எழுந்தும் வலுவற்றோ போகிற நிலையே பிளக் கரிபிடித்தல் எனப்படும். பாடநூல்கள் இக்கருவியைத் தீப்பொறிச் செருகி என்று பெயர்த்திருப்பினும், மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலும், சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், அலோர்ஸ்டார் முதலிய பட்டணங்களிலும் தமிழர் நாவில் அது என்றும் பிளக்தான். இக்கட்டுரையும் அவ்வழக்கையே கைக்கொள்கிறது.

நடுவே ஓர் உலோகக் கம்பி, அதனைச் சூழ்ந்த வெண்பீங்கான், பீங்கானுக்குப் புறத்தே மரையிட்ட இரும்புக் கூடு, கூட்டிலிருந்து வளைந்து நடுக்கம்பிக்கு எதிரே நிற்கும் ஒரு தகடு என்ற இவ்வளவே பிளக்கின் அமைப்பு. 1902இல் ஜெர்மனியில் ராபர்ட் போஷ் தொழிற்சாலையைச் சேர்ந்த காட்லோப் ஹோனோல்ட் உயரழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய நாள்முதல் அதன் அடிப்படை பெரிதாக மாறவில்லை. பல ஆயிரம் வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் நடுக்கம்பியின் நுனிக்கு வந்து, அரை மில்லிமீட்டர் அளவுள்ள இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி பிறக்கிறது. பீங்கானின் உள்மூக்கு ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தை எட்டினால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினாலோ பொறி வருமுன்னரே கலவையைப் பற்றவைத்து என்ஜினுக்குக் கேடு விளைக்கும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே அது வாழ்ந்தாக வேண்டும்.

கரி மின்சாரத்தைக் கடத்துவது. ஆதலால் பீங்கானின்மேல் கரித்தோல் படர்ந்துவிட்டால், இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டிய மின்சாரம், அழுத்தம் உச்சத்தை அடைவதற்கு முன்பே அத்தோலின் வழியாக இரும்புக் கூட்டுக்கு நழுவிவிடுகிறது. உதைத்துக் கிளப்பும் வேளையில் மாக்னெட்டோ மெதுவாகச் சுழன்று குறைந்த அழுத்தத்தையே தருவதால், ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படியோ சமாளித்த பிளக், நிறுத்தி மீண்டும் உதைக்கும்போது முற்றிலும் கைவிட்டுவிடுவதன் காரணம் இதுவே.

தென் கெடாவின் ரப்பர் தோட்டங்கள் இக்கோளாறுக்கு விசேஷமான இடங்கள். பீடோங்கின் ஹார்வர்ட், கூலிம் வட்டாரத்து டப்ளின், துன் சம்பந்தனாரின் முயற்சியால் 1960இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தன் முதல் தோட்டமாக வாங்கிய புக்கிட் சீடிம் போன்ற பெருந்தோட்டங்களில், ஒரு பிரிவுக்கும் மறு பிரிவுக்கும் இடையிலுள்ள தூரம் கால்நடைக்கு அதிகம், மோட்டார் காருக்கோ வீண். ஆகவே கிராணி, கண்டக்டர், டிரெசர் முதலிய உத்தியோகஸ்தர்களின் வாகனம் மோட்டார் சைக்கிளாயிற்று. முதலில் வந்தவை பிரிட்டிஷ் வண்டிகள். அவற்றுள் 1948இல் வெளியான பி.எஸ்.ஏ. பாண்டம், போர் இழப்பீடாகப் பிரிட்டனுக்குக் கிடைத்த டி.கே.டபிள்யூ. வண்டியின் வரைபடங்களிலிருந்து பிறந்த, 123 சி.சி. கொள்ளளவுள்ள இரு வீச்சு என்ஜினைக் கொண்டது. பின்னர், 1958இல் ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப், பினாங்கு வர்த்தகர் லோ பூன் சியூவின் வழியாக இந்நாட்டுக்குள் வந்து, உத்தியோகஸ்தருக்கே உரியதாயிருந்த வாகனத்தைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் எட்டச் செய்தது. ‘கப்’ என்ற அதன் பெயரோடு, காண்டனீயச் சீனத்தில் சிறியதைக் குறிக்கும் ‘சாய்’ சேர்ந்து ‘கப்சாய்’ என்ற சொல் உண்டாகி, இன்று இனபேதமின்றி எல்லோரும் வழங்குவதாகிவிட்டது. யமஹா, சுஸுகி இரு வீச்சு வண்டிகள் அதனை அடுத்து வந்தன.

தோட்ட வண்டியின் ஒரு நாளைச் சற்றே பின்தொடர்ந்தால் நோயின் மூலம் விளங்கும். விடியுமுன், குளிர்ந்த என்ஜினைச் சோக் இழுத்து, அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுத்து, கிளப்புகிறார்கள். ஆளெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகும் வழி சில நிமிஷ தூரமே; என்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்தியாகிவிடும். ஆள்கணக்கு முடிந்தபின் மரவரிசைகளுக்கு ஊடே, நடைக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில், நின்று நின்று பிரயாணம். செம்மண் சடக்கின் தூசி காற்று வடிகட்டியை அடைத்துக் கலவையை மேலும் கனமாக்குகிறது. இப்படிப்பட்ட வேலையில் பீங்கானின் மூக்கு 500 டிகிரியை நாள் முழுவதும் ஒருமுறைகூட எட்டாதிருப்பது சாதாரணம். நெடுஞ்சாலைக்கென்று வகுக்கப்பட்ட என்ஜினைக் காலாள் வேகத்தில் ஓட்டுவதன் பயனே கரி. ஓட்டுகிறவர் மீதும் குற்றமில்லை, வண்டி மீதும் குற்றமில்லை.

கழற்றிய பிளக்கின் முகத்தைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். வெளிர்பழுப்பு நிறம் ஆரோக்கியம். விரலில் ஒட்டும் உலர்ந்த கரும்புகைத் தூள், பெட்ரோல் மிகுதியையோ, அடைத்த வடிகட்டியையோ, இழுத்த சோக்கைத் திருப்பித் தள்ள மறந்ததையோ காட்டும். பளபளப்பான ஈரக் கருமை எண்ணெயைக் காட்டும்: நான்கு வீச்சு வண்டியில் தேய்ந்த பிஸ்டன் வளையமும் வால்வு வழிகாட்டியும் காரணமாகலாம், வாரக்கணக்காய் நின்ற பழைய பிரிட்டிஷ் ஒற்றைச் சிலிண்டர் வண்டியில், தொட்டியின் எண்ணெய் பம்பு வழியே கசிந்து கிராங்க் அறையை நிரப்பியிருத்தல் மற்றொன்று. இரு வீச்சு வண்டிகளில் கலவையின் விகிதமே முதல் சந்தேகத்துக்கு உரியது. பாண்டம் போன்றவற்றுக்கு ஏறத்தாழ இருபது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெயென்ற அளவில் கையாலேயே கலக்க வேண்டியிருந்தமையால், ‘இன்னும் கொஞ்சம் ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது’ என்ற அன்பு மிகுதி எத்தனையோ பிளக்குகளை நனைத்திருக்கிறது. 1964இல் யமஹா புகுத்திய ஆட்டோலூப் பம்பு எண்ணெயைத் தானே அளந்து ஊட்டியது. ஆயினும் அதன் கேபிள் அளவு பிசகினால் பழைய கதையே. கையால் கலக்கும் வண்டியைப் பெட்ரோல் குழாய் திறந்தபடி நிறுத்தினால் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி எண்ணெய் மட்டும் தங்கிவிடும். குழாயை மூடி, மிச்சம் தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்துவது நல்ல வழக்கம். இன்னும் ஒன்று: பட்டணக் கடையில் வெறுமனே ஓடவிட்டுக் கழற்றிப் பார்த்த பிளக் எப்போதும் சற்றுக் கறுத்தே இருக்கும். வழக்கமான வேலையின் நடுவே என்ஜினைச் சட்டென நிறுத்திக் கழற்றினால்தான் அது மெய் பேசும்.

சுத்தம் செய்வதில் அவசரம் ஆகாது. என்ஜின் ஆறியபின்பே கழற்ற வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து, அதிலும் ஹோண்டா கப்சாய்களின் 10 மி.மீ. பிளக்கை வலிந்து திருகினால் மரை போய்விடும். கழற்றுமுன் சுற்றியுள்ள செம்மண்ணைத் துடைத்து ஊதிவிட வேண்டும். இல்லையேல் அது துவாரத்தின் வழியே சிலிண்டருக்குள் விழும். பிறகு பிளக்கைப் பெட்ரோலில் ஊறவைத்து, பித்தளை மயிர்த் தூரிகையால் தேய்த்து, பீங்கானுக்கும் கூட்டுக்கும் இடைப்பட்ட குழியை ஊசியால் மெல்லச் சுரண்டி, காற்றால் ஊதி உலர்த்த வேண்டும். எஃகுத் தூரிகை பீங்கானின்மேல் உலோகக் கோடுகளை விட்டுச் செல்வதால் அதுவே புதிய கசிவுக்கு வழியாகும். மணல் பீய்ச்சும் யந்திரம் விரைவானதே, ஆனால் குழிக்குள் சிக்கிய ஒரு மணல் பின்னர் சிலிண்டர் சுவரைக் கீறிவிடக்கூடும். மண்ணெண்ணெய் அடுப்பின் ஜ்வாலையில் காட்டிக் கரியை எரிக்கும் பழக்கம் முதியவர்களிடம் உண்டு. உலர்ந்த கரிக்கு அது பயன்படும்தான். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறவர்களோ பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்கிவிட்டு, பிறகு மின்னழுத்தம் தரும் காயிலைக் குறை சொல்கிறார்கள்.

உலர்ந்தபின், மின்முனைகளின் விளிம்புகளைச் சிற்றரத்தால் கூராக்க வேண்டும். மழுங்கிய முனையைவிடக் கூர்விளிம்பிலிருந்து பொறி எளிதில் குதிக்கும். இடைவெளி, மாக்னெட்டோ வண்டிகளுக்கு ஏறத்தாழ 0.45 மி.மீ., ஹோண்டா சி70 போன்றவற்றுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. வரை. பக்கத் தகட்டை மட்டுமே வளைக்கலாம், நடுக்கம்பியை வளைத்தால் பீங்கான் உடையும். பிளக்கை ஹெட்டின்மேல் சாய்த்து உதைத்துப் பார்த்து, நீலப்பொறி கண்டதும் திருப்தியடைவது வழக்கம். திறந்த காற்றில் குதிக்கும் பொறி, சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவையிலும் குதிக்கும் என்பதற்கு அது உறுதியன்று. மாட்டும்போது கையாலேயே முழுவதும் திருகி, பின் பழைய வாஷராயின் மணிக்காட்டியின் ஒரு மணி அளவே, புதியதாயின் அரைச் சுற்று இறுக்கினால் போதும்.

சுத்தம் செய்தும் வாரந்தோறும் கரி திரும்புமானால் சற்று ‘சூடான’ பிளக்கைத் தேட நேரும். சூடான பிளக் என்பது பீங்கான் மூக்கு நீண்டிருந்து உஷ்ணத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வது. குளிர்ந்த பிளக்கில் மூக்கு குட்டையாகி உஷ்ணம் விரைவில் ஹெட்டுக்குப் போய்விடும். என்.ஜி.கே. குறியீட்டில் எண் குறையக் குறையச் சூடு மிகும், சாம்பியனில் நேர்மாறு. இந்த முரண்பாடு அறியாது மாற்றுகிறவர்கள் நோய்க்கு நேரெதிரான மருந்தை வாங்கி வருகிறார்கள். தோட்ட வேலைக்கு ஒரு படி சூடான பிளக் நியாயமானதே என்பது இக்கட்டுரையின் துணிபு. எனினும் அதே வண்டி தைப்பூசத்தன்று, பின்னே ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, சுங்கைப்பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் வரை தார்ச் சடக்கில் முழு வேகத்தில் ஓடிப் பினாங்கு பெர்ரியைப் பிடிக்கப் போகிறது. ஆறு நாள் கரியைத் தவிர்த்த அந்தப் பிளக் அன்றைக்கு 850 டிகிரியைத் தாண்டி, பிஸ்டனின் தலையில் துளையிட்டுவிடக்கூடும். ஆகவே கருவிப்பெட்டியில் வண்டிக்குரிய அசல் பிளக்கையும் ஸ்பேனரையும் வைத்திருந்து, நெடும்பயணத்துக்கு முன் மாற்றிக்கொள்வதே அறிவு. இரண்டு பிளக்கின் விலை ஒரு பிஸ்டனின் விலைக்கு எவ்வளவோ கீழானது.

வழியில் கரிபிடித்து நின்றுவிட்ட வண்டிக்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. மின்கம்பியைப் பிளக்கின் தலையில் நேரே மாட்டாமல், காப்புறையைப் பிடித்து ஐந்தாறு மில்லிமீட்டர் எட்டவைத்து மற்றொருவரை உதைக்கச் சொன்னால், அந்த வெளி இடைவெளியைத் தாண்டும்வரை அழுத்தம் தேங்கி, பின் ஒரே மூச்சில் பிளக்கின்மேல் பாய்வதால், கசிவதற்கு அவகாசமின்றிப் பொறி எழும். கை நனைந்திருந்தால் இதனைச் செய்யலாகாது. இதே தத்துவத்தை மின்னணு வழியில் நிறைவேற்றுவது சி.டி.ஐ. முறை, அதில் அழுத்தம் மிகக் குறுகிய காலத்தில் உச்சத்தை எட்டிவிடுகிறது. கெடாவின் குரூணில் அமைந்த மோடெனாஸ் தொழிற்சாலை 1996இல் வெளியிட்ட கிரிஸ் முதலிய வண்டிகளின் பிளக்குகள் முன்னவற்றைப்போல் அடிக்கடி கரிபிடிக்காமைக்கு இதுவும் ஒரு காரணம். பழைய வண்டிகளைச் சேகரிப்போர் சிலர் மாக்னெட்டோவை நீக்கி இம்முறையைப் பொருத்துகின்றனர். உலர்ந்த கரிக்கு அது நல்ல பரிகாரம். தேய்ந்த வளையத்தின் வழியே எண்ணெய் ஏறும் என்ஜினில் மட்டும், எத்தனை வலிய பொறியானாலும் பிளக் சில நாளில் மீண்டும் நனைந்துவிடும்.