பெயரும் எச்சரிக்கையும்: மொசில்லா இரவுத் தொகுப்புகளின் பெயரிடல் வரலாறு

முன்னுரை

திறந்த மூல மென்பொருள் திட்டங்களில், அன்றாடம் சேரும் மூலநிரல் மாற்றங்களைக் கொண்டு கணினி தானாகவே உருவாக்கும் சோதனைப் பதிப்பு ‘இரவுத் தொகுப்பு’ எனப்படும். வழுக்களை விரைந்து கண்டறிய உதவும் இப்பதிப்பை நிலையான வெளியீடு என மயங்கிக் கொள்ளும் பயனர் தம் தரவுகளை இழக்க நேரலாம். ஆதலின் இங்குப் பெயரிடல் பாதுகாப்போடு தொடர்புடையது. மொசில்லா திட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

இடப்பெயர்களும் கண்ணிவெடி நிலமும்

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டது. அதன்வழி உருவான புதிய உலாவி, ஃபீனிக்ஸ் (2002), ஃபயர்பேர்ட் (2003) என்னும் பெயர்களைப் பிறர் உரிமை காரணமாகக் கைவிட்டு, 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் ஆயிற்று. அரிதின் நிலைபெற்ற அப்பெயர் சோதனைப் பதிப்புகளுக்கு வழங்கப்படவில்லை. அவை பான் எக்கோ (2.0), கிரான் பாரடைசோ (3.0), ஷிரெட்டோகோ (3.5), நமோரோக்கா (3.6) என இடப்பெயர்களைப் பெற்றன. குழுவினருக்கு அடையாளமாக விளங்கிய இப்பெயர்கள், புதியவருக்குப் பதிப்பின் நிலையை உணர்த்தவில்லை. முதன்மைக் கிளையின் இரவுத் தொகுப்போ ‘மைன்ஃபீல்ட்’, அதாவது கண்ணிவெடி நிலம், எனப்பட்டது. இப்பெயர் இடரை உணர்த்தியது. தொகுப்பின் தன்மையை உணர்த்தவில்லை.

2011ஆம் ஆண்டின் மாற்றம்

2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4 வெளிவந்தபின் விரைவு வெளியீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. நைட்லி, அரோரா, பீட்டா, நிலை வெளியீடு என நான்கு தடங்கள் வகுக்கப்பட்டன. நைட்லியின் பதிப்பெண் ‘ஏ1’ எனவும், அரோராவின் பதிப்பெண் ‘ஏ2’ எனவும் முடிந்தன. ஆண்டு முதல் நொடி வரை குறிக்கும் 14 இலக்கத் தொகுப்பெண் உருவாக்க நேரத்தைக் காட்டியது. பெயர் தடத்தையும், பதிப்பெண் வளர்ச்சி நிலையையும், தொகுப்பெண் காலத்தையும் உணர்த்தின. ஒரு வழு எந்த இரவின் தொகுப்பில் முதலில் தோன்றியது எனத் தெரிந்தால், அதற்கும் முந்தைய இரவுத் தொகுப்புக்கும் இடைப்பட்ட மாற்றங்களை மட்டும் ஆராய்ந்தால் போதும்.

பெயரின் எல்லை

பெயர் தெளிவுற்ற பின்னரும் ஓர் இடர் எஞ்சியது. நைட்லியும் நிலை வெளியீடும் இயல்பாக ஒரே பயனர் கோப்புறையைப் பகிர்ந்தன. சோதனைப் பதிப்பில் நேரும் பழுது அன்றாட உலாவியின் நூற்குறிகளையும் அமைப்புகளையும் பாதிக்கக்கூடும். 2019 மே மாதத்தில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 67, ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிக் கோப்புறையை அளித்து இதனைக் களைந்தது.

முடிவுரை

மொசில்லாவின் பெயரிடல் குழுவினர்க்குரிய குறியீட்டிலிருந்து பயனர்க்குரிய விளக்கமாக வளர்ந்தது. நல்ல பெயர் பதிப்பின் தன்மையை ஒளிவின்றிக் கூற வேண்டும். அப்பெயர் விடுக்கும் எச்சரிக்கையை மென்பொருளின் அமைப்பும் காக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முடிவாகும்.