பார்ஸி மக்களின் அடுக்களை

புலம்பெயர்ந்த மக்களின் வரலாற்றை ஏட்டிலும் கல்வெட்டிலும் மட்டுமன்றி, அவர்தம் அடுக்களையிலும் தேடுதல் வேண்டும். இதற்கு நல்ல சான்றாக விளங்குவோர் பார்ஸி மக்களாவர். நம் கொழும்பு நகரிலும் அவர்கள் சிறு தொகையினராக வாழ்ந்து வருகின்றனர்.

கி. பி. 651இல் மூன்றாம் யெஸ்டிகர்ட் மன்னன் கொலையுண்டதோடு பாரசீகத்துச் சாசானியப் பேரரசு முடிவெய்தியது. தம் சரதுஸ்திர சமயத்தைக் கைவிட மனமில்லாதோருள் ஒரு சாரார், பின்வந்த நூற்றாண்டுகளிற் கடல் கடந்து குஜராத்துக் கரையிலுள்ள சஞ்சானை அடைந்தனர். 1600ஆம் ஆண்டளவில் இயற்றப்பெற்ற 'கிஸ்ஸா-இ-சஞ்சான்' என்னும் செய்யுள் நூல் இவ்வரலாற்றைக் கூறுகின்றது. அந்நாட்டு மொழியைப் பேசுதல், பெண்டிர் அந்நாட்டு உடையை அணிதல், படைக்கலங்களைக் களைதல் முதலிய நிபந்தனைகளின்பேரில் ஜாதி ராணா என்னும் அரசன் இடமளித்தான் என்பது அந்நூற் செய்தி. அரசன் விளிம்பு வரை பால் நிறைந்த கிண்ணத்தை அனுப்ப, வந்தோர் அதிற் சர்க்கரையைக் கரைத்துத் திருப்பி அனுப்பினர் என்பது செவிவழிக் கதை.

மொழி மாறிற்று, உடையும் மாறிற்று. உணவு யாதாயிற்று?

'சல்லி போட்டி' என்னும் இறைச்சிக் கறியை எடுத்துக்கொள்வோம். இறைச்சியோடு உலர்ந்த அப்ரிக்கொட் பழத்தைச் சேர்த்துச் சமைப்பது பாரசீக வழக்கு. அதன்மேல் தூவப்படும் பொரித்த உருளைக்கிழங்குச் சீவலோ, அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மணவிருந்துகளில் இடம்பெறும் 'பாத்ரா நி மச்சி', தேங்காயும் கொத்தமல்லி இலையும் பச்சை மிளகாயும் அரைத்துப் பூசி, வாழையிலையிற் பொதிந்து அவித்த மீன். இவ்வுணவு குஜராத்துக் கரையின் கொடை. ஆகவே, கலப்பற்ற பாரசீக உணவை இவ்வடுக்களையில் தேடுவோர் ஏமாற்றமடைவர்.

அவ்வாறாயின் இவ்வுணவைப் பார்ஸி உணவாக்குவது யாது? எதனை, எந்நாளில், எதன் பொருட்டு உண்பது என்னும் ஒழுங்கே என்க. பருப்பு வகைகள், பூசணி, கத்தரி, ஆட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து வேகவைப்பது 'தான்சாக்'. சீனியைக் கருக்கி நிறமூட்டிய சோற்றோடு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இதனை விரும்பி உண்பர். ஆயினும் மங்கல நாட்களில் அது அடுப்பேறுவதில்லை. இறப்பு நேர்ந்த வீட்டார் மூன்று நாள் இறைச்சி நீக்கி, நான்காம் நாள் தான்சாக்கோடு அந்நோன்பை முடிப்பது மரபு. மங்கல நாளுக்கு உரியன வெண்சோறும் மஞ்சட் பருப்பும், புளிப்பும் இனிப்பும் கலந்த மீன் 'பாத்தியோ'வுமே. சமையற் குறிப்பைப் படித்துத் தான்சாக்கை எவரும் ஆக்கலாம்; அதனை ஆக்காத நாளை அறிந்தவரே அம்மரபுக்கு உரியர்.

இம்மரபைக் காப்போர் தொகை அருகி வருகின்றது. பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் 1941இல் 114,000க்கு மேற்பட்டிருந்த பார்ஸிகள், 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் 57,264 பேரே. பிறப்புக் குறைவு இதற்கு முதன்மைக் காரணம். பலர் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் மீண்டும் புலம்பெயர்ந்துள்ளனர். அங்கே அவர்கள் தம் முன்னோர் உணவென்று ஆக்குவது பாரசீகத்து உணவையன்று. பம்பாயிலும் நவசாரியிலும் உருப்பெற்ற உணவையே. வந்தேறிய மண்ணின் வாழையிலையும் தேங்காயும் நாளடைவில் தாயகத்தின் நினைவாகிவிட்டன.

பாலிற் கரைந்த சர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை; நாவுக்குத் தெரிகின்றது. அதுபோலப் புலம்பெயர்ந்தோர் தனித்தன்மை, பிறவற்றைக் கலவாது விலக்குவதில் இல்லை. கலந்தவற்றைத் தமக்குரிய ஒழுங்கில் அமைத்து, அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலேயே இருக்கின்றது.