அச்சிட முடிந்த எலும்பும் அச்சிட முடியாத எனாமலும்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எனப் பாலக்காட்டின் கிழக்கெல்லையில் தமிழ் பேசும் ஊர்களுக்கு ஒரு பொதுச் சிக்கல் உண்டு. இவை மழை குறைந்த நிலங்கள். ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் பாறைத் தாதுக்களிலிருந்து கரைந்த புளோரைடு கலந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். இவ்வட்டாரத்துக் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்தவை என்பதை நிலத்தடி நீராய்வுகள் பதிவு செய்துள்ளன. அதன் விளைவு பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறையாகத் தெரிகிறது.

‘இனிப் பல்லையும் எலும்பையும் அச்சிட்டுக்கொள்ளலாம்’ என்ற வகைச் செய்திகளை இந்த ஊர்களில் இருந்துகொண்டு படிக்கும்போது, அத்துறையின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்கத் தோன்றுகிறது. மொழியியல் பயின்ற எனக்கு அந்த ஆர்வம் ‘அச்சு’ என்ற சொல்லில் தொடங்கியது.

தமிழில் அச்சு என்பது முதலில் வார்ப்புக்கான கருவி. அச்சுவெல்லத்திலும் அச்சுமுறுக்கிலும் அப்பொருளே நிற்கிறது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சேறியது; நூலச்சுக்கும் அதே சொல் நிலைத்தது. இரு பொருளுக்கும் பொதுவான கருத்து ஒன்றுண்டு: அச்சிலிருந்து வெளிவருவது முடிந்த பொருள். உயிரி அச்சிடலில் இக்கருத்து பொருந்தாது. அங்கே அச்சிடுதல் தொடக்கம் மட்டுமே. உயிரணுக்கள் பெருகி, முதிர்ந்து, திசுவாவது அதற்குப் பின்னர்தான். இத்துறையின் நாற்பதாண்டு வரலாறு பெரும்பாலும் அந்தப் ‘பின்னர்’ பற்றியதே.

எலும்பில் ஏற்படும் இடைவெளியை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டால் நிரப்புவது பழைய முறை. இன்றும் அதுவே அளவுகோல். 1969இல் அமெரிக்காவின் லாரி ஹென்ச் எலும்போடு பிணையும் உயிரிக் கண்ணாடியை உருவாக்கினார். எலும்புத் தாதுவை ஒத்த ஹைட்ராக்சி அபடைட் பீங்கான்களும் அடுத்து வந்தன. இந்தியாவில் இவ்வழியில் நெடுங்காலமாக உழைத்துவரும் நிறுவனங்களுள் ஒன்று திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். எலும்புக்கான பீங்கான்களில் தொடங்கிய அதன் ஆய்வு இன்று உயிரி மை வரை வந்திருக்கிறது.

அச்சுவழி வேறிடத்தில் தொடங்கியது. 1980களில் சக் ஹல் ஒளியால் பிசினை அடுக்கடுக்காக இறுக்கி முப்பரிமாணப் பொருள் செய்யும் முறையைக் கண்டார். 1988இல் ராபர்ட் கிளெப் சாதாரண மைவீச்சு அச்சுப்பொறியால் உயிரணுக்கள் ஒட்டும் புரதத்தைத் தளத்தில் வரைந்து, உயிரணுக்களை விரும்பிய இடத்தில் அமர்த்திக் காட்டினார். 2003இல் தாமஸ் போலண்ட் குழுவினர் உயிரணுக்களையே மையாக்கினர்.

அதன்பின் தடையாக நின்றது இரத்த ஓட்டம். நுண்குழாயிலிருந்து ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டருக்கு அப்பாலுள்ள உயிரணு உணவின்றி மடியும். 2016இல் அந்தோனி அட்டாலா குழுவினர் மக்கும் பாலிமரையும் உயிரணுக் கூழையும் சேர்த்து, இடையே நுண்வழிகள் விட்டு அச்சிட்டனர். மனிதக் கீழ்த்தாடைத் துண்டின் வடிவை அவர்களால் ஆக்க முடிந்தது. எலிகளின் மண்டையோட்டில் வைத்த துண்டில் ஐந்து மாதங்களில் இரத்தக்குழாய்களுடன் புது எலும்பு வளர்ந்தது. 2017இல் பிரான்சின் போர்தோ ஆய்வாளர்கள் உயிருள்ள எலியின் மண்டையோட்டுக் குறையிலேயே லேசர் மூலம் உயிரணுக்களை அச்சிட்டனர். எலும்பு தன்னைத்தானே புதுப்பிக்கும் திசு என்பதால், அச்சு வழிகாட்டினால் போதும். மிச்சத்தை உடல் செய்கிறது.

பல்லின் கதை அப்படியன்று. 2000இல் கிரந்தாஸ் குழுவினர் பிடுங்கிய ஞானப்பற்களின் கூழில் குருத்தணுக்களைக் கண்டனர். நாம் கூரைமேல் எறியும் பால்பல்லிலும் அவை உண்டென 2003இல் தெரியவந்தது. 2018இல் பல்லின் தந்தினியிலிருந்தே எடுத்த பொருளைக் கலந்து உயிரி மை ஒன்று உருவானது. ஆகவே பற்கூழும், அதைச் சூழ்ந்த தந்தினியும் ஆய்வகத்தின் எட்டும் தூரத்தில் உள்ளன. முழுப் பல் அங்கில்லை. காரணம், வெளிப்பூச்சான எனாமல். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுவான அதனைக் கட்டும் உயிரணுக்கள், பல் ஈறுக்கு வெளியே முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. வளர்ந்த மனிதனின் வாயில் எனாமலுக்கு உயிரணு இல்லை. உயிரணு இல்லாத இடத்தில் உயிரி மையும் இல்லை.

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு வருகிறது. புளோரைடு தாக்குவது பல் உருவாகும் பருவத்தில், எனாமலைக் கட்டும் அந்த உயிரணுக்களை. ஏறத்தாழ எட்டு வயதுக்குள் நேர்ந்த கேடு வாழ்நாள் முழுதும் பல்லில் இருக்கும். துறை வேகமாக முன்னேறும் பகுதி எலும்பும் பற்கூழும். நம் பிள்ளைகள் இழப்பதோ துறை மிகக் குறைவாக எட்டியுள்ள பகுதியை. தாடையெலும்பை இழந்த புற்றுநோயாளிக்கும் விபத்தில் அடிபட்டவருக்கும் உயிரி அச்சு மெய்யான நம்பிக்கை. கறைபட்ட பல்லுக்கு அதை இன்றே மருந்தாகக் காட்டுவது பிழை.

மேலும், இந்நோய் புதிதன்று. சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் பல்லையும் எலும்பையும் ஒருங்கே தாக்கும் புளோரைடு நச்சுமையை ஷார்ட் குழுவினர் 1937இலேயே விவரித்தனர். 1970களில் நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு நீரிலிருந்து புளோரைடை நீக்கும் நளகொண்டா முறையை வகுத்தது. தீர்வு தெரிந்து அரைநூற்றாண்டு ஆகிறது. அதற்கு அச்சுப்பொறி வேண்டாம். பள்ளிக்கும் வீட்டுக்கும் ஆற்றுநீரோ சுத்திகரித்த நீரோ தடையின்றி வந்தால் போதும்.

ஒரு துறையின் வரலாற்றை எழுதுவோர் அது எதைச் சாதித்தது என்பதோடு, எதைச் சாதிக்கவில்லை, ஏன் என்பதையும் எழுதவேண்டும். உயிரி அச்சு பற்றிய அடுத்த கருத்தரங்கக் கட்டுரையைத் தொடங்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் பேசும் திசு எது, அதைக் கட்டும் உயிரணு இன்று யார் உடலில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அடுத்து, உங்கள் ஊர்க் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள்.