வாடகைக்கு ஒரு பழைய காலம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே, கிட்டத்தட்ட முப்பது மைல் கடலுக்குள் இருக்கிற தீவு நான்டக்கெட். 'மோபி டிக்' படித்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும், பீக்குவாட் கப்பல் கிளம்புவது இங்கிருந்துதான். தீவின் கிழக்கு முனையில் சியாஸ்கான்செட் என்றொரு சின்ன ஊர். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக ஸ்கான்செட் என்பார்கள். கோடையில் அங்கே பழைய மீனவர் குடில்கள் வாடகைக்குக் கிடைக்கும். மரச்சில்லு வேய்ந்த சுவர், மேலே படர்ந்த ரோஜாக்கொடி, தலையில் இடிக்கிற கூரை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இந்த ஊரின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். அவற்றில் பல குடில்களில் எந்த மீனவனும் குடியிருந்ததில்லை.

முதலில் நிஜக் குடில்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கான்செட் ஒரு ஊரே இல்லை, காட் மீன் பிடிக்க வருகிறவர்கள் சீசனுக்குத் தங்கும் இடம். ஒரு கூடம், அதன் ஓரத்தில் ரெண்டு சின்னத் தடுப்பறை, ஏணி வைத்து ஏறுகிற பரண். அவ்வளவுதான் வீடு. பின்னால் குடும்பங்கள் வந்து தங்கத் தொடங்கியபோது பக்கவாட்டில் ஒவ்வொரு அறையாக ஒட்டவைத்தார்கள். அந்த ஒட்டுகளுக்கு அங்கே 'வார்ட்' என்று பேர், அதாவது மரு. தீவில் மரம் அரிது என்பதால் பழைய பலகையையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். யாரும் உட்கார்ந்து டிசைன் பண்ணியதல்ல. தேவை வரும்போதெல்லாம் பேட்ச் போட்டு வளர்ந்த சிஸ்டம் மாதிரி.

பிறகு தீவே சரிந்தது. 1846இல் பெரும் தீ விபத்து. 1849இல் இளைஞர்கள் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனார்கள். 1859இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியம் கிடைத்ததும் திமிங்கில எண்ணெய்க்கு மவுசு போயிற்று. 1840இல் 9,012 பேர் இருந்த தீவில் 1870இல் 4,123 பேர்தான். மிச்சமிருந்தவர்களிடம் விற்க என்ன இருந்தது? கடல்காற்றும் பழைய வீடுகளும்.

அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் எட்வர்ட் அண்டர்ஹில், நியூயார்க் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். 1880களில் அவர் ஸ்கான்செட்டில் முப்பத்துச் சொச்சம் குடில்கள் கட்டினார். மீனவர் குடில்களைப் பார்த்து, மரு உட்பட, அதே வடிவில். எல்லாம் வாடகைக்கு. ஊரின் பழமையைப் புகழ்ந்து அவரே எழுதி விளம்பரமும் செய்தார். 1884இல் ரயில் வந்தது. பின்னாலேயே பிராட்வே நடிகர்கள் வந்தார்கள், கோடைக் குடியிருப்பே உருவாயிற்று. அங்கே மரு முளைக்க நூறு வருஷத் தேவை இருந்தது. இங்கே முதல் நாளே பிளானில் இருந்தது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வாடகை வந்ததால்தான் அசல் குடில்களும் இடிபடாமல் நின்றன. அண்டர்ஹில் கட்டியவைக்கும் இப்போது நூற்று நாற்பது வயது, அவையும் வரலாறுதான். என் உறுத்தல் வேறு. 'மீனவர் குடில்' என்ற சொல் யாரை ஞாபகம் வைக்கிறது?

சியாஸ்கான்செட் என்ற பெயரே தீவின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் மொழி. ஆரம்பகாலத்தில் கரையிலிருந்து திமிங்கிலம் வேட்டையாடிய படகுகளில் துடுப்புப் போட்டவர்களில் பெரும்பாலோர் அவர்கள். பலர் வெள்ளையர்களிடம் கடன்பட்டு, அதைக் கழிக்க வேலை செய்தவர்கள். 1763-64இல் ஒரு கொள்ளைநோய் வந்தது. தீவில் இருந்த 358 வாம்பனோக் மக்களில் 222 பேர் செத்துப்போனார்கள். அவர்களுடைய வீட்டின் மாதிரியை யாரும் கட்டி வாடகைக்கு விடவில்லை.

இன்று நான்டக்கெட்டில் ஒரு சாதாரண வீட்டுக்கே பத்து லட்சம் டாலருக்கு மேல் வேண்டும். குடிலைச் சுத்தம் செய்கிறவருக்கும், கூரை மாற்றுகிற தச்சருக்கும் தீவில் குடியிருக்க இடம் கிடைப்பது கஷ்டம். குறுகியகால வாடகையை எவ்வளவு அனுமதிப்பது என்று ஊர்க்கூட்டங்களில் வருஷக்கணக்காகச் சண்டை நடந்திருக்கிறது. வாடகைதான் ஊரைக் காப்பாற்றியது, ஊர்க்காரர்களை வெளியே தள்ளுவதும் அதுதான்.

கடலும் சும்மா இல்லை. கரை அரிப்பால் பக்கத்திலிருக்கும் சான்கட்டி கலங்கரை விளக்கத்தை 2007இல் சுமார் 400 அடி உள்ளே நகர்த்தினார்கள். 1850இல் கட்டியது, அப்படியே செங்கல்லோடு. கட்டடங்களை எப்படிப் பத்திரமாக நகர்த்துவது என்று அந்தத் தீவுக்கு நன்றாகத் தெரியும். அங்கே வேலை செய்கிறவர்களை எங்கே குடிவைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.