மேல்வீட்டுக் குழியும் கீழ்வீட்டுப் பீலியும்: மலையக வீடுகளின் கழிவுநீர்ச் சிக்கல்கள்

கலஹாவில் இரண்டு நாட்கள் விடாமல் மழை பெய்த பிறகு எங்கள் வீட்டு மலசலகூடத்தில் தண்ணீர் இறங்க மறுத்தது. ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் கொமட்டின் விளிம்புவரை ஏறி, சற்று நேரம் நின்று, பிறகு குமுகுமுவென்ற சத்தத்துடன் மெதுவாக இறங்கியது. அம்மா தெரிந்த பாஸ் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றிக் கீழே இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் கானின் ஓரத்தை மண்வெட்டியால் கிளறினார். மண்ணுக்குள்ளிருந்து இரண்டங்குல பிவிசி பைப் ஒன்றின் வாய் தெரிந்தது.

“இதுதான் தங்கச்சி, மண்ணு சரிஞ்சி மூடியிருக்கு. சுத்தம் பண்ணிவிட்டா போதும், அஞ்சி நிமிச வேல” என்றார்.

எங்கள் தொட்டியிலிருந்து அப்படியொரு பைப் போவது வீட்டில் யாருக்கும் தெரியாது. முன்பொரு முறை இதே சிக்கல் வந்தபோது வந்த யாரோ ஒருவர் சுருக்குவழியாகப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கான் இன்னும் கொஞ்சம் கீழே போய் ஒரு பீலியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பீலியில்தான் கீழ் வரிசையில் ஐந்து வீடுகள் தண்ணீர் பிடிக்கின்றன.

அந்த ஐந்து நிமிட வேலையை நாங்கள் செய்யவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தோம், அதற்காக யார் யாரிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. சமதரையில் கழிவுநீர்ச் சிக்கல் ஒரு வீட்டின் பிரச்சினை. மலைச்சரிவில் அது எப்போதும் இரண்டு வீடுகளின் பிரச்சினை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

நாம் ‘குழி’ என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு பகுதிகள். முதலாவது, நீர் கசியாமல் கட்டப்பட்ட தொட்டி. கழிவிலுள்ள கனமானவை அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெயும் இலேசானவையும் மேலே ஆடையாக மிதக்கின்றன. காற்றில்லாத சூழலில் வாழும் பக்டீரியாக்கள் சேற்றின் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. நடுவிலுள்ள நீர் மட்டும் ‘டீ’ வடிவக் குழாய் வழியாக இரண்டாவது பகுதியான உறிஞ்சு குழிக்குப் போய், மண்ணுக்குள் இறங்குகிறது.

தொட்டியைத் தாண்டும் நீர் சுத்தமானதல்ல. அதில் நோய்க்கிருமிகள் ஏராளமாக உண்டு. அவற்றைப் பிடித்துவைப்பது மண்தான். உறிஞ்சு குழியைத் தவிர்த்து நேராகக் கானுக்குப் பைப் எடுப்பது, பாதி வேலை மட்டும் முடிந்த கழிவை வெளியே விடுவதாகும்.

பல பழைய வீடுகளில் தொட்டியே இல்லை. அடித்தளம் போடாத ஒரே குழிதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை.

அடைப்பு எங்கே?

பாஸ் வருவதற்கு முன் நீங்களே சிலவற்றைக் கவனிக்கலாம். வீண்செலவு குறையும்.

ஒரு சிங்க் மட்டும், அல்லது ஒரு கொமட் மட்டும் அடைத்தால் சிக்கல் அந்த இடத்திலேயே இருக்கிறது. ரப்பர் பம்ப்பால் அழுத்தி இழுத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

வீட்டின் எல்லா வடிகால்களும் மெதுவாக இறங்கினால், அதுவும் மிகத் தாழ்வான இடத்தில் முதலில் தண்ணீர் மேலே வந்தால், பிரதான குழாயிலோ தொட்டியிலோ சிக்கல்.

அப்போது மூடியைத் திறந்து, தள்ளி நின்று நீர்மட்டத்தைப் பாருங்கள். மட்டம் வெளியேறும் குழாயின் அளவிலேயே இருந்தால் தொட்டி ஒழுங்காக இருக்கிறது. அடைப்பு வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையில். மட்டம் அதைவிட உயர்ந்திருந்தால் அடைப்பு தொட்டிக்கு அப்பால், அதாவது உறிஞ்சு குழியில் அல்லது அதற்குப் போகும் குழாயில்.

மழைக்கு மட்டும் சிக்கல் வந்தால் வெளித்தண்ணீர் உள்ளே வருகிறது. கூரைப் பீலியின் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

நாற்றம் மட்டும் வந்து, தண்ணீர் ஒழுங்காக இறங்கினால் காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம், அல்லது இல்லாமலே இருக்கலாம். பாவிக்காத குளியலறையாக இருந்தால் ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும்; ஒரு வாளி ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும்.

கடையில் விற்கும் கோஸ்டிக் சோடாவும் அமிலமும் கடைசி வழியாகக்கூட வேண்டாம். அவை தோலையும் கண்ணையும் எரிக்கும். தொட்டியிலுள்ள பக்டீரியாக்களையும் கொல்லும். அமிலத்தையும் வெளிற்றும் திரவத்தையும் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். பூட்டிய சிறிய குளியலறையில் அது உயிராபத்து.

பிளேன்டீ சோதனை

எங்கள் வீட்டில் தொட்டியின் மட்டம் உயர்ந்திருந்தது. உறிஞ்சு குழி தண்ணீரை ஏற்கவில்லை. இரண்டு காரணங்கள் கிடைத்தன. கூரைத் தண்ணீர் குழியின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. மற்றது, ப்ளஷ் தொட்டியின் ரப்பர் வொஷர் தேய்ந்து, இரவும் பகலும் நூல் போலத் தண்ணீர் கொமட்டுக்குள் ஒழுகியிருக்கிறது. சத்தமில்லாமல் ஒழுகியதால் யாரும் கவனிக்கவில்லை. ஒருபோதும் காயாத குழி நாளடைவில் உறிஞ்சும் தன்மையை இழந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சாயம் கூடிய பிளேன்டீ ஒரு கோப்பையை ஆறவைத்து ப்ளஷ் தொட்டிக்குள் ஊற்றுங்கள். அரை மணிநேரம் யாரும் பாவிக்க வேண்டாம். கொமட்டில் நிறம் தெரிந்தால் வொஷரை மாற்ற வேண்டும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் மிக மலிவான பொருட்களில் அதுவும் ஒன்று.

சமையலறைக் குழாய்

மலையகத்தில் சமையலறைக் குழாய் அடைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். காலையில் போத்தலில் எண்ணெய் வெள்ளையாக நிற்பதை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். சிங்கில் ஊற்றிய எண்ணெயும் குழாய்க்குள் அப்படியே உறைகிறது. அதன்மேல் சோற்றுப்பருக்கையும் தேயிலைத் தூளும் ஒட்டுகின்றன. கொதிநீர் ஊற்றினால் எண்ணெய் உருகி, இன்னும் சற்றுத் தூரம் போய் மறுபடி உறையும். சட்டியைக் கழுவுமுன் பழைய பத்திரிகைத் தாளால் துடைத்தெடுப்பதே நல்ல வழி. சிங்குக்கு வெளியே எண்ணெய் தங்கும் சிறிய பெட்டி ஒன்று கட்டி, மாதமொரு முறை அள்ளி எடுப்பது அதைவிட நல்லது.

சரிவில் கட்டும்போது

இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளுக்காக எஸ்.எல்.எஸ். 745 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டும் என்பது ஊரில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் சரிவில் அடிக்கணக்கு மட்டும் போதாது. குழி ஊற்றுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. மண் மெல்லியதாக இருந்து அடியில் பாறை வந்தால், கழிவுநீர் பாறையின் மேல் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் கீழே போய் ஊற்றாக வெளிவரும்.

7 பேர்ச்சஸ் காணி என்பது சுமார் 177 சதுர மீற்றர். அதில் வீட்டையும் வழியையும் கழித்தால் 50 அடி தள்ளிக் குழி வெட்ட எங்கே இடம்? தனித்தனி வீடுகள் வரும்போது தனித்தனிக் குழிகளும் வருகின்றன. ஒரு வரிசையின் குழிகள் அடுத்த வரிசையின் தலைக்கு மேலே அமைகின்றன. திட்டம் போடும்போதே தண்ணீர் எடுக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து, பொதுத் தொட்டியும் பொது உறிஞ்சு நிலமும் ஒதுக்கினால்தான் இது தீரும்.

குடிநீர்ப் பைப்பும் கவனிக்கப்பட வேண்டியது. பல இடங்களில் ஊற்றிலிருந்து வரும் பைப் கானுக்குள்ளேயே கிடக்கிறது. தண்ணீர் ஓடும்போது வெடிப்பு வழியாக வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் பைப்பில் அழுத்தம் குறைந்து, அதே வெடிப்பு கானிலுள்ள அழுக்கை உள்ளே இழுக்கும். பைப்பைக் கானுக்கு மேலே தூக்கிக் கட்டுவது ஒரு பகல் சிரமதான வேலை.

சரிவுக்குள் ஓயாமல் நீர் இறங்குவது மண்சரிவு அபாயத்தையும் கூட்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மழைநீர் ஊறிய மலைச்சரிவு என்ன செய்தது என்பதை மலையகம் மறந்திருக்காது. குழியைச் சுற்றி நிலம் வெடித்தாலோ, கீழே புதிதாகக் கலங்கல் ஊற்று தோன்றினாலோ கிராம உத்தியோகத்தருக்கு உடனே அறிவியுங்கள்.

பௌசரை அழைக்கும்போது

ஒரு குடும்பத்தின் தொட்டியை மூன்று முதல் ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை இறைப்பது வழக்கம். சேறு தொட்டியின் ஆழத்தில் மூன்றிலொரு பங்கை எட்டினால் நேரம் வந்துவிட்டது. பல உள்ளூராட்சி சபைகளிடம் கல்லி பௌசர் உண்டு, தனியாரும் வருகிறார்கள். வீதியிலிருந்து தொட்டிவரை ஹோஸ் எட்டுமா, கட்டணம் ஒரு தடவைக்கா முழு வேலைக்கா, அள்ளிய கழிவை எங்கே கொட்டுவீர்கள் என்ற மூன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அது ஏதோவொரு ஓடைக்குப் போகிறது என்று அர்த்தம்.

கண்டி நகருக்கு ஜெய்க்கா கடனுதவியுடன் கன்னொறுவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. நகரின் குழாய்கள் கலஹாவின் லயன்களுக்கு வரப்போவதில்லை. பௌசர் ஏற முடியாத இடங்களுக்கு இரட்டைக் குழி முறை ஒரு மாற்று. இந்தியாவில் 1970இல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் இதைப் பரவலாக்கினார். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்கு மாற்றி, முதலாவதை ஒன்றிரண்டு வருடங்கள் மூடிவைத்தால் கழிவு மக்கிய உரமாகிவிடும். இதுவும் மண்ணுக்குள் நீரை விடும் முறைதான் என்பதால் ஊற்றுக்கு மேலே கூடாது.

யாரும் உள்ளே இறங்க வேண்டாம்

பௌசர் வராத இடங்களில் கொஞ்சம் காசும் ஒரு போத்தலும் கொடுத்து ஆளை இறக்கும் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. தொட்டிக்குள் ஐதரசன் சல்பைட்டும் மெதேனும் சேர்ந்திருக்கும். ஐதரசன் சல்பைட்டுக்கு அழுகிய முட்டை நாற்றம். ஆனால் அளவு கூடும்போது அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் இல்லை, எனவே ஆபத்தில்லை என்று நினைப்பவர் ஓரிரு மூச்சில் விழுகிறார். அவரைத் தூக்கப் போகிறவர் அவர்மேலேயே விழுகிறார். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் கூடாது, மெதேன் தீப்பற்றும்.

இந்தியாவில் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் இந்திய ரூபாய் வழங்கச் சொன்னது. 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. அதன் பிறகும் அங்கே மரணங்கள் நிற்கவில்லை. இறக்கப்படுகிறவர் யார் என்பது இங்கும் அங்கும் தற்செயலானதல்ல. கண்டி மஹியாவையில் தலைமுறைகளாக வாழும் நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களைக் கேட்டால், இந்தத் தொழிலோடு சாதி எப்படி ஒட்டிக்கொண்டது என்பது புரியும்.

எங்கள் வீட்டில்

இலங்கையின் முதலாவது வணிகத் தேயிலைத் தோட்டம் 1867இல் இந்தப் பக்கத்து லூல்கந்துரையில்தான் உருவானது. 1916இல் ராக்பெல்லர் மன்றத்தின் ஆதரவுடன் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியபோது, மலசலகூடங்களின் தேவை அதிகாரபூர்வமாகப் பேசப்பட்டது. ஒரு நூற்றாண்டு கடந்தும் பேச்சு மலசலகூடம் கட்டுவதோடு நின்றுவிடுகிறது. கட்டிய பிறகு கழிவு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கானுக்குப் போன பைப்பை சீமெந்தால் அடைத்தோம். வொஷரை மாற்றி, கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, பீலியின் பக்கமில்லாத மறுபுறத்தில் புதிய உறிஞ்சு குழி வெட்டினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ-கோலைகூட இருக்கக்கூடாது என்றும், பரிசோதிக்கும்வரை எல்லோரும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதைக் கீழ்வீடுகளுக்கு யார் போய்ச் சொல்வது என்பதில்தான் எங்களுக்கு இரண்டு நாள் போனது. கடைசியில் அம்மாவே இறங்கிப் போனார். முதல் வீட்டு அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, “மழைக்கி தண்ணி வாட வரும்னு தெரியும் அக்கா. ஒங்க வீட்டுலருந்துன்னுதான் தெரியாது” என்றாராம்.

பிறகு இருவருமாகக் கானோரமாக நடந்து, வேறு எந்தெந்த வீட்டுப் பைப் அதில் விழுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இன்னும் மூன்று இருந்தன.