கற்பூரத்தின் கிரயமும் அபாயமும்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

திண்டுக்கல்லில், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் வழங்குவதாகச் சொல்லப்படும் பேகம்பூரின் இஸ்லாமியக் குடும்பங்களில், மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலைக் குளிப்பாட்டுவோர் கடைசி நீராட்டில் கற்பூரம் கலப்பது மார்க்க விதி. அதே நகரத்துக் கோட்டை மாரியம்மன் சந்நிதியில் சூடம் காட்டுவது நித்திய வழக்கம். மத வேறுபாடின்றி இரு சாராரும் சளி பிடித்த குழந்தையின் மார்பில் தேங்காயெண்ணெயில் கரைத்த சூடத்தைத் தடவுவது வீட்டு வைத்தியம். முதலிரண்டு பிரயோகங்களிலும் கற்பூரம் உயிருள்ள உடலை அநேகமாகத் தீண்டுவதில்லையாதலின், ஆராய்ச்சிக்கு உரியது மூன்றாவதே. கற்பூரத்தின் அருமையே நெடுங்காலம் அதன் அளவுக்குக் காவலாக நின்றது என்பதும், அது மலிந்தபோது காவல் நீங்கியும் வழக்கம் நீங்கவில்லை என்பதும் அதன் சரித்திரத்தால் புலனாகும்.

இடைக்காலத் தமிழ் வணிகர் நாடிச் சென்ற கற்பூரத் துறைகளுள் தலையாயது, சுமத்திராத் தீவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ். அதனருகே லோபு துவாவில் கிடைத்த, சக வருஷம் 1010-க்குரிய, அதாவது கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அவ்விடத்தில் நிலைபெற்றிருந்ததற்குச் சான்று. 1932-இல் நீலகண்ட சாஸ்திரியார் இதனை ஆராய்ந்து எழுதினார். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் அடுக்கிச் சொல்லும் கற்பூர வகைகளில் பாருஸைக் குறிக்கும் வாறோசு என்பதும், சீனச்சூடன் என்பதும் தனித்தனியே இடம்பெறுவது, இரு தேசத்துச் சரக்குகளையும் தமிழர் பிரித்தறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். பாருஸ் சரக்கு, வானளாவிய மரங்களை வெட்டிப் பிளந்து, அவற்றின் வெடிப்புகளில் உறைந்திருக்கும் பளிங்குத் துகள்களைச் சுரண்டி எடுப்பது. வெட்டிய மரமெல்லாம் பலன் தருவதுமில்லை. அதன் விலை எடைக்கு எடை பொன் என்று மார்க்கோ போலோ எழுதினார். அத்தகைய வஸ்துவை எவரும் கைநிறைய அள்ளிப் பூசியிருக்க முடியாது.

ரசாயன சாஸ்திரப்படி பாருஸ் சரக்கு போர்னியால். சீனச் சரக்கோ, அந்நாட்டு மரத்தின் சிராய்களை நீராவியில் வடித்தெடுக்கும் கேம்பர். இரண்டும் டெர்பீன் குலத்தைச் சேர்ந்தவை. 1870-இல் அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டுக்குக் கேம்பர் இன்றியமையாததாகவே, 1895-இல் தைவானைக் கைப்பற்றிய ஜப்பான், 1899-இல் அங்கே கற்பூரத்தை அரசாங்கத்தின் ஏகபோகமாக்கிற்று. அந்த ஏகபோகத்துக்கு மாற்றுத் தேடியவர்களுள் ஃபின்லாந்தின் கொம்ப்பா 1903-இல் அதனை முழுவதும் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். தேவதாரு இனத்துப் பிசினில் வடியும் டர்ப்பன்டைனிலுள்ள பைனீனைப் படிப்படியாக மாற்றிக் கேம்பராக்கும் முறை பின்னர்த் தொழிற்சாலைகளில் நிலைபெற்று, 1960-களில் உத்தரப் பிரதேசத்துப் பரேலிக்கும் வந்தது. இன்று கடைகளில் சூடமாக மலிவாய் விற்பது பெரும்பாலும் இச்செயற்கைச் சரக்கே.

கேம்பர் தோலிலுள்ள நரம்பு நுனிகளைத் தூண்டிக் குளிர்ச்சியும் வெப்பமும் கலந்த உணர்ச்சியைத் தருவதால் வலியும் அரிப்பும் சற்றே அடங்கும். மூக்கடைப்பு விலகியதுபோல் தோன்றும், ஆனால் மூச்சுவழி உண்மையில் விரிவதில்லை. கொழுப்பில் எளிதில் கரையும் இயல்பால் அது குடலிலிருந்து விரைந்து இரத்தத்திலும் மூளையிலும் புகுந்து வலிப்பை விளைவிக்கும். இந்தச் சக்தியையே 1934-இல் புடாபெஸ்டில் மெடுனா என்னும் மருத்துவர் சிகிச்சையாகக் கொண்டு, சித்தப் பிரமையுற்றோருக்கு எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை ஊசிவழி ஏற்றி வலிப்பை வருவித்தார். விளைவு நிச்சயமின்றித் தாமதித்தமையால் விரைவில் வேறொரு மருந்துக்கு மாறினார். மருத்துவர் வேண்டுமென்றே வருவித்த அதே விளைவு, வீட்டில் அறியாமையால் நேரும்போது விஷபாதை எனப்படுகிறது.

சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்து என்பது மருத்துவ நூல்களின் முடிவு. விழுங்கிய ஐந்து நிமிஷம் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு தொடங்கலாம். கேம்பரைச் சிதைத்து வெளியேற்றும் வேலை ஈரலுக்குரியது. சிசுவின் ஈரல் அதற்கு இன்னும் பக்குவப்படாதது. அமெரிக்க அரசாங்கம் 1982-இல் கற்பூர எண்ணெயை விலக்கியதும், மேற்பூச்சு மருந்துகளில் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேற்படக் கூடாதென வரம்பிட்டதும் இதுபற்றியே. கற்பூர விஷத்துக்கு நேரான முறிமருந்து இல்லை. வாந்தி எடுப்பிக்க முயல்வது வலிப்பின்போது மூச்சையே அடைக்கக்கூடும். ஆதலால், விழுங்கிய குழந்தையைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதொன்றே செய்யத்தக்கது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ சூடத்தைத் தடவுவதும் தவிர்க்கத்தக்கது.

பொன் விலையில் விற்ற நாளில் வியாபாரியின் தராசு விதித்த அளவை, மலிந்த நாளில் அறிவுதான் விதிக்க வேண்டும். நீராட்டு நீரிலும் ஆராதனைத் தட்டிலும் கற்பூரத்துக்குள்ள ஸ்தானத்தை இந்த ஆராய்ச்சி மறுக்கவில்லை. தொட்டிலருகே மட்டும் அதற்கு இடமில்லை என்பதும், பூஜைப் பெட்டியை மருந்துப் பெட்டியைப் போலவே குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதுமே இதன் முடிபு.