தெருப் பூனைக்குட்டிகளைப் பழக்குதல்

கொல்லைப்புற விறகு அடுக்கிலோ மாடிப்படிக்கு அடியிலோ தெருப்பூனை ஈன்ற குட்டிகளை மனிதருக்குப் பழக்குவது, சோறு வைப்பவரின் அன்பைவிடக் குட்டியின் வயதையே அதிகம் பொறுத்தது. ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்த வீட்டுப்பூனை பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரை அண்டி வாழ்கிறது. ஆனாலும் மனிதர் மேலான நம்பிக்கை அதன் பிறவிச் சொத்து அல்ல. ஒவ்வொரு குட்டியும் அதைப் புதிதாகக் கற்கிறது. மடியில் தூங்கும் பூனையின் குட்டியும் ஆள் கை படாமல் வளர்ந்தால் ஆளைக் கண்டு ஓடும்.

பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை இதற்கு உகந்த பருவம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகளில், மூன்றாம் வாரம் முதல் கையாளப்பட்ட குட்டிகள் ஏழாம் வாரத்துக்குப் பிறகு கையாளப்பட்டவற்றைவிட மனிதரிடம் எளிதாக ஒட்டின. தகப்பனுக்கும் பங்குண்டு. சாதுவான கடுவனுக்குப் பிறந்தவை, அதை ஒரு நாளும் பார்த்திராவிட்டாலும், துணிச்சலாக இருப்பதை சாண்ட்ரா மெக்கியூன் 1995இல் எழுதினார். வயதைக் கண்ணால் ஓரளவு கணிக்கலாம். கண் திறக்க 7 முதல் 14 நாள் ஆகும். நான்காம் வாரத்தில் நடை நிதானப்படும். அடுக்கை விட்டு வெளியே வந்து நம்மைப் பார்த்துச் சீறும் குட்டி, அநேகமாக அந்தப் பருவத்தில் பாதியைக் கடந்துவிட்டது. சீற்றம் பயத்தால் வருவது. அதைத் திமிர் என்று எண்ணி அதட்டினால் காரியம் கெடும்.

பூனை தன் குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். எண்ணிக்கை எப்படியோ, ஆள் நடமாட்டம், நாய், குட்டிகளைக் கொல்லும் கடுவன் ஆகியவற்றுக்கு அஞ்சித் தாய் இடம் மாற்றுவது உண்மை. ஆகவே முதல் வாரங்களில் கூட்டைக் கிளறாமல் இருப்பதே நல்லது. தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி அசையாமல் தொங்கும்; தென்கலை வைணவம் சரணாகதிக்கு மார்ஜார நியாயம் என்று எடுத்துக்காட்டுவது இதைத்தான். வளர்ந்த குட்டியை நாமும் அப்படித் தூக்கினால் அது சரணடையாது, பிறாண்டும்.

பழக்கத்தின் அச்சாணி உணவு. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தட்டு என்றிருந்தால் குட்டி காலடி ஓசையையே சோற்று மணியாக எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் முதலில் கொட்டாங்குச்சியில் ஊற்றுவது பசும்பால். தாய்ப்பால் மறக்கும் குட்டிகள் பலவற்றுக்கு அதிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிற்றுப்போக்கில் சின்ன உடல் சீக்கிரம் வற்றிவிடும். குழம்புச் சோறும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மத்தி, வேகவைத்த கோழிக்கறி, குட்டிகளுக்கென்று விற்கும் தீவனம் ஆகியவை தரலாம். பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்.

தட்டை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். நின்றபடி உற்றுப் பார்ப்பவர் குட்டிக்கு வேட்டைக்காரர். கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறப்பவரைப் பூனைகள் கூடுதலாக நாடுவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் காட்டியது. குட்டி நிதானமாகத் தின்னத் தொடங்கிய பிறகே தட்டை நம் பக்கம் நகர்த்தலாம். தென்னை ஈர்க்கு ஒன்றைத் தரையில் இழுத்துக் காட்டினால், உணவுக்கு வராததும் விளையாட வரும்: பின்பாகத்தை இரண்டு ஆட்டு ஆட்டிப் பாய்ந்து, நம் முழங்காலில் மோதிய பிறகுதான் அதற்கு நம் நினைவே வரும். நூல் மட்டும் வேண்டாம். விழுங்கினால் குடலில் சிக்கும். விரலைத் தாழ நீட்டினால் அது முகர்ந்து கன்னத்தைத் தேய்க்கும். வால் செங்குத்தாக நின்றால் இசைவு என்று கொள்ளலாம். கன்னமும் தாடையும் தடவலாம், வயிற்றைத் தொடக் கூடாது. காது பின்னால் படியும் முன்பே கையை எடுத்துவிட வேண்டும்.

பிறாண்டினாலோ கடித்தாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

எல்லாக் குட்டிகளையும் பழக்கத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. வீட்டுக்குள் எடுக்கவோ நல்ல இடத்தில் கொடுக்கவோ எண்ணமில்லை என்றால், யாரையும் நம்பும் குட்டி தெருவில் ஆபத்தில்தான் நிற்கும்; அதற்கு ஆளைக் கண்டு விலகும் குணமே காப்பு. மூன்று நான்கு மாதம் கடந்தும் அருகே வராதவற்றை வற்புறுத்தாமல், உணவும் கருத்தடையும் தந்தால் போதும். அறுவை முடிந்து திரும்ப விடப்படும் பூனைக்கு அடையாளமாக, பல இடங்களில் இடது காதின் நுனியை மயக்கத்திலேயே சிறிது வெட்டிவிடுவார்கள். பெட்டைக் குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். தாயோ பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படலாம். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள்தான். ஆகவே குட்டிகள் பால் மறந்ததும் முதலில் கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டியது தாயை.